நாகர்கோவிலில் வீடு பார்த்து யோசிப்பதற்குள் வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். என்ன செய்வது?

எனக்கும் இதேதான் நடந்தது. வெட்டூர்ணிமடத்தில் ஒன்று, பார்வதிபுரத்தில் ஒன்று என்று இரண்டு வீடு கைவிட்டுப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் வீட்டைப் பார்த்துவிட்டு வங்கிக்கு ஓடினேன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் பணத்தை வைத்துக்கொண்டு வீடு பார்க்க வந்தார். லீவு முடிவதற்குள் பத்திரம் முடிய வேண்டும் என்பதால் அவர் பேரமும் அதிகம் பேச மாட்டார். விலையில் அவரோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை.

அதனால் மூன்றாவது வீட்டைத் தேடும் முன்னாலேயே வங்கியில் சம்பளக் காகிதங்களைக் கொடுத்து எவ்வளவு கடன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதாவது 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும், இதற்குப் பொதுவாக வங்கி கடன் தராது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடித்தம் செய்து வருமான வரிக்குக் கட்டுவதும் வாங்குகிறவர் வேலைதான். "பத்திரத்தில் முப்பது போடுவோம், மீதியைக் கையில கொடுத்திருங்க" என்று தரகர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைத்துப் போட்டால் கடனும் குறையும், அதோடு வீடு, நிலம் விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தப்பு.

வேகம் காட்ட வேண்டியது அவ்வளவுதான். காகிதம் பார்ப்பதில் அவசரமே கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முந்தைய பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த வக்கீல் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம் என்பதால் வீடு பார்த்த அன்று ராத்திரியே உட்கார்ந்து பார்த்துவிடுவேன்.

ஆனால் வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்தான் இங்கே அதிகம். முதலாவது ஒற்றி. பெரிய தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பவர் பெரும்பாலும் வெறும் முத்திரைத்தாளில் எழுதித்தான் வைத்திருப்பார், பதிவு செய்திருக்க மாட்டார். நீங்கள் பத்திரம் முடித்துச் சாவி கேட்கும்போது அவர் ஒற்றிப் பணத்தைக் கேட்பார். வீட்டில் யாராவது குடியிருந்தால் விற்பவரை விட்டுவிட்டு அவரிடமே நேராகக் கேளுங்கள்.

இரண்டாவது, சகோதரிகள். திருவிதாங்கூர் காலத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலில் ஒன்றுதான், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல். மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் "அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, அவ கையெழுத்து எதுக்கு?" என்று கேட்கும் அண்ணன் தம்பிகள் இன்றும் உண்டு. நான் கடைசியில் ஆசாரிபள்ளத்துப் பக்கம் வாங்கிய வீட்டிலும் இதே பேச்சுதான். மும்பையில் இருந்த அக்கா வந்து கையெழுத்துப் போடும் வரை இரண்டு மாதம் காத்திருந்தேன். அக்ரிமென்ட் பதிவு செய்து சின்ன அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்ததால் தூக்கம் கெடவில்லை. தரகருக்குத்தான் என் மேல் கோபம், தினமும் போன்.

இன்னொன்று மழை. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. நாகர்கோவிலைச் சுற்றிப் புது மனைகளில் பாதி, நேற்று வரை வயலாகவோ குளத்தங்கரையாகவோ இருந்த இடம். அங்கீகாரம் இருந்தாலும் தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது. 2021 நவம்பர் மழையில் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். நான் வீடு தேடிய நாட்களில் புத்தேரிப் பக்கம் ஒரு வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, கிணறும் நல்ல கிணறு. எதிர்வீட்டு அம்மாவிடம் சும்மா கேட்டேன். "இந்த மூணு படியும் முங்கிப்போச்சு மக்கா, வண்டியெல்லாம் ரோட்டுல கொண்டு நிறுத்தினோம்" என்றார். கூட வந்த தரகர் அந்த அம்மாவை முறைத்த முறைப்பு இருக்கிறதே!