இலை கொட்டிய விளா மரத்தை வெட்டலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் கொல்லையில் பழைய விளா மரம் ஒன்று நிற்கிறது. தை மாதம் இலை மொத்தமும் கொட்டிவிட்டது. பட்டுப்போகிறதா? வெட்டிவிடலாமா? மானாவாரி வரப்பில் புதிதாக விளா வைத்தால் காய்ப்புக்கு வர எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: வெட்டிவிடாதீர்கள் ஐயா. விளா இலையுதிர் மரம். தண்ணீர் குறையும் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத்தான் அது தப்பிக்கிறது. சந்தேகமாக இருந்தால் சின்னக் கிளை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சையாக ஈரம் தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. மாசி, பங்குனியில் தளிர் விடும், கூடவே பூவும் வரும். கவாத்து செய்வதாக இருந்தால் காய்ந்த கிளைகளை மட்டும் எடுங்கள்.

புதிதாக வைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விதைக் கன்று காய்க்கப் பதினைந்து வருடம்கூட ஆகலாம், பழமும் தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக் கன்று, அதாவது விதைக் கன்றின் தண்டில் நல்ல மரத்துக் குச்சியைச் சேர்த்துக் கட்டி வளர்த்தது, வெகு முன்பே காய்க்கும். உங்கள் மரத்துப் பழம் நல்ல ருசி என்றால் அதையே தாயாக வைத்துக்கொள்ளுங்கள். பழுத்த பழத்தின் விதையைச் சதை போகக் கழுவி மண் நிரப்பிய பையில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். தண்டு பென்சில் பருமன் ஆனதும் உங்கள் மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டலாம். மாங்கன்றில் ஒட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பஞ்சமே இல்லை.

வரப்பில் 25 அடிக்கு ஒன்றாக ஆடி, ஆவணி மழையில் நடுங்கள். முதல் இரண்டு கோடை உயிர்த் தண்ணீர், அதாவது கன்று காயாமல் இருக்கும் அளவுக்காவது தண்ணீர், அவசியம், ஆடு வாய் வைக்காமல் முள் வேலியும் வேண்டும். இளந்தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்கிப் போட்டாலே போதும்.

காயை அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். ஒரு அடி உயரத்தில் இருந்து கெட்டித் தரையில் போடுங்கள். துள்ளினால் பிஞ்சு, துள்ளாமல் கிடந்தால் முற்றியது. முற்றியதை இரண்டு வாரம் வெயிலில் வைத்தால் வாசம் வரும். பழத்துக்கு வெல்லம், காய்க்குத் துவையல், பச்சடி. சதையில் பெக்டின் என்ற இறுக வைக்கும் பொருள் இருப்பதால் ஜெல்லியும் நன்றாக இறுகும். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் சந்தைக்குக் கொண்டுபோனால் கேட்டு வாங்குவார்கள்.

அப்புறம், உங்கள் கொல்லை காட்டை ஒட்டி இருந்தால் புதுக் கன்று வைக்க வேண்டாம். விளாம்பழம் யானைக்கு ரொம்பப் பிடிக்கும்.