304: அரைகுறைக் கைக்கு 160 கேட்கலாமா?

304 கடுதாசி விளையாட்டைப் பற்றி மல்லாவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "முதல் நாலு கடுதாசியில் ஒரு ஜாக்கும் ஒரு ஆசும் வந்தாலே நான் 160 கேட்டுவிடுவேன். பாதிக்கு மேல் தோல்விதான். செத்தவீடுகளில் விடிய விடிய விளையாடும்போது சோடி என்னோடு கொழுவுகிறார். எதற்குக் கேட்கலாம், எதற்குப் பாஸ் சொல்லலாம்?"

சோடி கொழுவுவதில் நியாயம் இருக்கிறது. 304இல் நாலு பேர் இரண்டு சோடியாக விளையாடுவார்கள்; ஆளுக்கு எட்டுத் தாளில் முதல் நாலைப் பார்த்து, மொத்தம் 304 புள்ளியில் இத்தனை எடுப்போம் என்று கூடக் கேட்பவர்தான் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தை, சொல்வார். கணக்கு வைக்கும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும், 200க்குக் கீழே கேட்டு வென்றால் கைக்கணக்கில் ஒன்று கூடும், தோற்றால் இரண்டு போகும் என்பதுதான் வழக்கம். மூன்று கேள்வியில் இரண்டை வென்றால்தான் கைக்கணக்கு சரிசமமாகும். பாதிக்குப் பாதி வெல்கிற கை நட்டக் கை.

உங்கள் கையில் முதல் பிழை அந்த ஆசு. 304இல் ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. வலிமையும் இதே வரிசைதான். அதாவது ஆசுக்கு மேலே இரண்டு பேர் நிற்கிறார்கள். துரும்பில்லாத இனத்து ஆசு ஒரு பிடி, அதாவது ஒரு சுற்றில் விழும் நாலு தாளையும், எடுத்துத் தரும் என்று எண்ணக்கூடாது. பெரும்பாலும் அது எதிராளிக்குக் கொடுக்கப்போகிற 11 புள்ளி.

இரண்டாவது, ஜாக்கை வைத்தே கேட்பது. துரும்பை யார் சொன்னாலும் வெளி ஜாக், அதாவது துரும்பில்லாத இனத்து ஜாக், முதல் சுற்றில் அநேகமாகத் தன் பிடியை எடுத்துவிடும். எதிராளி கேட்டாலும் அது உங்களுக்கு அதே வேலையைச் செய்யும். கேட்பதால் கூடுதலாகக் கிடைப்பது துரும்பின் நீளம் ஒன்றுதான். ஆகவே இனம் இனமாகப் பிரிந்து கிடக்கும் இரண்டு ஜாக்குகள், 60 புள்ளியென்று கண்ணைப் பறித்தாலும், பாஸ் சொல்லிவிட்டு எதிராளியைக் கவிழ்க்க நல்ல கை. அவர்கள் 160 கேட்டால் உங்களுக்கு 145 போதும்.

இனி உண்மையான அரைகுறைக் கைகள். கலாவரையில் (கிளப்ஸ்) ஜாக், ஒன்பது, வேறு இனத்தில் இரண்டு வெளித்தாள் என்று வையுங்கள். மீதி ஆறு கலாவரையும் நீங்கள் காணாத 28 தாளில் இருக்கின்றன. அடுத்த நாலில் ஒன்றாவது வர 64 சதவீத வாய்ப்பு; இரண்டோ அதற்கு மேலோ வர 19 சதவீதம்தான். மூன்று துரும்போடு முடியும் என்று நினைத்தே முடிவெடுங்கள். வெளித்தாளில் ஒன்று ஜாக் என்றால் கேட்கலாம். ராணியும் எட்டும் என்றால் வேண்டாம்.

ஒன்பது, ஆசு, பத்து ஒரே இனத்தில் வந்து ஜாக் இல்லாத கைதான் மேசையில் அதிகம் சண்டை கிளப்புவது. அந்த ஜாக் உங்களுக்கு வர ஏழில் ஒரு பங்கு, சோடியிடம் இருக்க ஏழில் இரண்டு, எதிராளிகளிடம் இருக்க ஏழில் நாலு. எதிரே இருந்தாலும் ஒரு பிடிதான் போகும், ஆனால் 30ஓடு உங்கள் பத்தும் சேர்ந்து 40 போகும். நீங்கள் விடக்கூடியது மொத்தம் 144. நாலாவது தாள் வெளி ஜாக் என்றால் தாங்கும், இல்லாவிட்டால் பாஸ். அதே மூன்றுக்குப் பதில் ஜாக், ஒன்பது, ஏழு என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேளுங்கள். கூட்டிப் பார்த்தால் புள்ளி 9தான் கூட, ஆனால் துரும்பின் தலை இரண்டும் உங்கள் கையில்.

கேட்டு, மூன்று துரும்போடு மாட்டிக்கொண்டால் அவசரப்பட்டுத் துரும்பை இழுக்காதீர்கள். எட்டில் மூன்றுதான் உங்களிடம். இழுக்க இழுக்கச் சோடியின் துரும்பும் விழும். வெளி ஜாக்கை முதலில் இறக்குங்கள். ஒரு இனத்தில் எட்டே தாள் என்பதால் இரண்டாம் சுற்றிலேயே யாராவது வெட்டத் தொடங்குவார்கள், ஜாக்கைப் பிந்தி வைத்திருந்தால் 30உம் வெட்டுப்படும்.

சோடி உங்களுக்கு முன் பாஸ் சொல்லியிருந்தால் மேலே சொன்ன ஒவ்வொரு கையையும் ஒரு படி இறக்கி மதியுங்கள். சோடி ஏற்கெனவே 160 கேட்டிருந்தால் அரைகுறைக் கையோடு அவருக்கு மேலே போகாதீர்கள்: பல மேசைகளில் சோடியைத் தாண்ட 200 கேட்கவேண்டும், அங்கே தோற்றால் மூன்று போகும்.