“நத்தாருக்குள் வருவான் என்று சொல்லிப்போட்டினம்”

அன்பின் அம்மாவுக்கு,

கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிற ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 41. 2010இல் மீளக் குடியேறியபோது தகரக் கொட்டிலில் தொடங்கிய எங்கள் சபை இப்போது கல்லுக் கட்டடத்தில் கூடுகிறது. ஒன்பது வருடமாக ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

போன வருடம் வாலிபர்கள் வெள்ளி இரவு உபவாச ஜெபம் தொடங்கினார்கள். முதலில் நல்லாய்த்தான் இருந்தது. பிறகு, அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் வருகிற, படிக்காத பாஷை, பேசாதவருக்கு ஆவியின் அபிஷேகம் இல்லை என்ற கதை வந்தது. ஒரு வெள்ளி என்னை நடுவில் முழங்காலில் இருத்தி, தலையில் கை வைத்து, வேகமாக ‘அல்லேலூயா’ சொல்லச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம். விரல் விறைத்தது, தலை சுற்றியது, பாஷை வரவில்லை. “அக்காவுக்குள்ள ஏதோ தடை இருக்கு” என்றான் ஒரு தம்பி. என்னிடம் வசனம் பாடமாக்கிய பிள்ளை அவன்.

அதை விடுங்கோ. 2009இல் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் மகனைத் தவறவிட்ட அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறா. “உன் மகன் உயிரோடு இருக்கிறான், நத்தாருக்குள் உன் வாசலில் நிற்பான் என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்று அதே தம்பி மைக்கில் சொல்லிவிட்டான். அவ வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டா. போன கிழமை ஒரு சேட்டைக் கொண்டு வந்து விரித்து, “அப்ப பத்தொன்பது, இப்ப முப்பத்தைஞ்சு. இது அளவாய் இருக்குமோ பிள்ளை?” என்று கேட்டா. நத்தாருக்கு இன்னும் ஏழு கிழமைதான்.

மூப்பர்கள் வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்தைப் பூட்டுகிறார்கள். வாலிபர்கள் தனியாக ஒரு இடம் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிடுகிறது. நான் எங்கே நிற்பது? எனக்கு ஆவியின் வரம் ஒன்றுமே இல்லையா?

— ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வரத்தைப் பற்றியும் சபையைப் பற்றியும் ஆறுதலாகக் கதைக்கலாம். அந்தச் சேட் காத்திருக்காது. அதில் தொடங்குவோம்.

இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பு, மரணத்தைப் போல நாளடைவில் ஆறுவதில்லை. செத்தவீடு இல்லை, கல்லறை இல்லை, அழுது முடிக்க ஒரு நாளும் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் போன பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் ஒரு பதிலைத்தான். அப்படி ஒருவருக்குத் திகதி குறித்துக் கொடுத்தால், அந்தத் திகதி தாண்டும்போது மகனை இரண்டாம் தரம் இழக்கிறார். “என் விசுவாசம் காணாது, அதுதான் வரவில்லை” என்று தன்னையும் குற்றஞ்சாட்டுவார். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஆகவே சொன்ன தம்பியே, போதகரோடு, இந்தக் கிழமைக்குள் அவ வீட்டுக்குப் போக வேண்டும். மைக் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அவன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, உங்கட மகன் வரவேணும் எண்ட என்ர ஆசையைக் கர்த்தர் சொன்னதெண்டு சொல்லிப்போட்டன். பிழை என்னில. உங்கட விசுவாசத்தில ஒரு குறையும் இல்லை.” மகன் செத்துவிட்டான், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எவரும் சொல்லக்கூடாது. அதுவும் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதே. சேட்டை ஒளித்து வைக்கவும் வேண்டாம். “ஆண்டவரே, அவன் எங்கே என்று உமக்குத் தெரியும், இந்த அம்மாவோடு இரும்” என்று ஜெபிக்கலாம். அதில் பொய் இல்லை. நித்திரையும் சாப்பாடும் தொடர்ந்து குறைந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். “நானும் அவனட்டப் போறன்” என்ற மாதிரிக் கதைத்தால் அன்றைக்கே போக வேண்டும், தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இனி உங்கள் வெள்ளி இரவு. இரண்டு மணித்தியாலம் வேகமாக ஒரே சொல்லைச் சொன்னால் மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் போகும். இரத்தத்தில் கரியமிலவாயு குறையும். விரலும் உதடும் விறைக்கும், தலை சுற்றும், சிலர் விழுவார்கள். வெறும் வயிற்றில், தகரத்தின் கீழ், வன்னி வெக்கையில் இன்னும் கெதியாக நடக்கும். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இந்த மூச்சுக் கோளாறுதான். அதை ஆவி என்றும் தடை என்றும் பெயர் வைத்தது பிழை. அந்நியபாஷை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பழக்கிக் கறந்தெடுக்க முடியாது என்கிறேன். “எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?” என்று பவுல் கேட்பது (1 கொரிந்தியர் 12:30) ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்த்து. அதற்கு இரண்டு வசனம் முன்னால் ஒரு வரிசை இருக்கிறது. போதகர், அதாவது படிப்பிக்கிறவர், மூன்றாவது இடத்தில். பலவித பாஷைகள் கடைசியில். அந்தத் தம்பிக்கு வசனம் பாடமாக்கிக் கொடுத்தவர் நீங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடக்கிறது.

எங்கள் பழைய மொழிபெயர்ப்பு 12:7இல் ‘அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று’ என்கிறது. அதை வாசிக்கிறவர் வரம் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். கிரேக்கச் சொல்லின் கருத்து எல்லாருக்கும் பயன்படுவது. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘பொது நன்மை’ என்று போட்டிருக்கிறது. ஒரு வரம் உண்மையா என்று பார்க்க இதைவிட நேரான அளவுகோல் இல்லை: அதனால் மற்றவருக்கு என்ன ஆயிற்று?

பதிலின் மற்றப் பாதிக்கு எட்டுக் கிழமை எடுங்கள். வினாத்தாளில் புள்ளி போட்டு வரம் கண்டுபிடிக்கும் முறையை நான் அதிகம் நம்புவதில்லை; எது பிடிக்குமோ அதையே அது திருப்பிக் காட்டும். பதிலாக, படிப்பித்தலோடு புதிதாக ஒரே ஒரு பணியைச் சேருங்கள்: கிழமைக்கு ஒரு வீடு சந்திப்பு, ஒரு மணித்தியாலத்துக்குள். ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள், என்ன செய்தேன், அவர்களுக்கு என்ன ஆயிற்று. முடிவில், உங்களைப் புகழ்கிறவரை விட்டு, உங்களால் பயன்பட்ட மூன்று பேரைக் கேளுங்கள். களைப்பு வந்தால் வரம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வரமுள்ளவருக்கும் கால் நோகும்.

சபைக்கு வருவோம். மண்டபத்தைப் பூட்டியது, என் பார்வையில், மூப்பர்களின் பிழை. “ஆவியை அவித்துப்போடாதிருங்கள்” என்றும் “எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள்” என்றும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 5:19-21). மூப்பர் முதலாவதை விட்டார்கள், வாலிபர் இரண்டாவதை விட்டார்கள். கொட்டிலில் ஆராதித்த சின்னப் பிள்ளைகள்தான் இன்றைய வாலிபர். ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்குக் கதிரை அடுக்குவதைத் தவிர வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெள்ளி இரவு ஏன் இவ்வளவு பெரிதானது என்பது விளங்கும்.

பூட்டைத் திறந்து, போதகர் முன்னால் இரண்டு பக்கமும் ஒரு தாளில் எழுதி ஒத்துக்கொள்ளட்டும். 1 கொரிந்தியர் 14இல் அளவு இருக்கிறது: அந்நியபாஷையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று, ஒவ்வொருவராக, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் மௌனம். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். இதற்கு மேல் எங்கள் மண்ணுக்கென்று சில வேண்டும். காணாமல் போனவர், கலியாணம், பிள்ளைப்பேறு, வெளிநாட்டுப் பயணம், மரணம் பற்றி எவருக்கும் ‘கர்த்தர் சொன்னார்’ என்று சொல்வதில்லை. தனி ஆளுக்கான வார்த்தை எதையும் முதலில் இரண்டு மூப்பரிடம் சொல்லி, திகதியோடு எழுதி வைப்பது; மூன்று மாதத்தில் திரும்ப வாசிப்பது. நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதுங்கள் (உபாகமம் 18:22 அதைத்தான் கேட்கிறது). குளிசையை நிறுத்தச் சொல்வதில்லை. சீனி வருத்தக்காரரும் கர்ப்பிணிகளும் உபவாசம் இருப்பதில்லை. மற்றவர்களும் தண்ணீர் குடிக்க வேண்டும். கை வைத்து ஜெபிப்பது கேட்டவருக்கு மட்டும், பத்து நிமிடத்துக்குள். “போதும்” என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

இப்படியான தாள் கிழிவது பெரும்பாலும் முதல் மாதத்தில், யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் போட்ட குரல்பதிவினால். மத்தேயு 18:15 தனித்துப் போய்க் கதை என்கிறது. குழுவில் போடுவது தனித்துப் போவதாகாது. நீங்கள் இரண்டு பக்கமும் செய்தி காவுகிறவராக ஆகிவிடாதீர்கள். “அதை அவரிட்டயே சொல்லும் தம்பி, நானும் கூட வாறன்” என்பது உங்கள் பதிலாக இருக்கட்டும். எபேசியர் 4:3 ஆவியின் ஒருமையை உண்டாக்கச் சொல்லவில்லை, காத்துக்கொள்ளச் சொல்கிறது. அவர்கள் தனியே போனாலும் உங்கள் வீட்டு வாசலில் தேத்தண்ணி குடிக்க வரலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

நத்தாருக்கு முதல் நாள் இரவு அந்த அம்மாவோடு தங்க இரண்டு பேரை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். ஒருவர் நீங்களாக இருக்கலாம். மற்றவர் அந்தத் தம்பியின் தாயாக இருந்தால் நல்லது.