இசைத்தட்டு ஊசியும் காட்ரிஜும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மட்டக்களப்பு நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): தம்பி, நான் ஒர்டோஃபோன் 2எம் ரெட் பாவிக்கிறன். கனடாவில இருந்து வாற மகன், டெனன் டிஎல்-103 வாங்கிக்கொண்டு வாறன் எண்டு நிக்கிறான். எடுக்கட்டுமா?

பதில்: சேர், டிஎல்-103 நல்ல காட்ரிஜ்தான் (காட்ரிஜ் என்பது ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பெட்டி). ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனம் என்.எச்.கே.யின் பாவனைக்காக 1960களில் உருவானது, இன்றும் செய்கிறார்கள். மனிதக் குரலை அது தருகிற நெருக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் உங்கள் பிளேயரின் ஆம், அதாவது காட்ரிஜைத் தாங்கும் கை, எது என்று நீங்கள் சொல்லவில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

டிஎல்-103இன் ஊசித்தண்டு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பாரமான ஆம் தேவை. ஆமின் பயன்படு திணிவையும் (ஆம் அசையும்போது ஊசி உணரும் பாரம்) காட்ரிஜ், திருகாணிகளின் நிறையையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால் (ஊசித்தண்டு எவ்வளவு இலகுவாக அசையும் என்ற அளவு) பெருக்கி, வருகிற தொகையின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் பரிவு மீடிறன், அதாவது ஆமும் காட்ரிஜும் சேர்ந்து தாமாக அதிரும் வேகம், ஹேர்ட்ஸில் கிடைக்கும். 8க்கும் 12க்கும் இடையில் நின்றால் நல்லது. டெனன் கம்ப்ளையன்ஸை 100 ஹேர்ட்ஸில் அளந்து 5 என்று போடுகிறது, இந்தக் கணக்குக்கு அதை ஏறத்தாழ இரட்டித்து 10 என்று எடுங்கள். காட்ரிஜ் 8.5 கிராம், திருகாணி 1 கிராம். 15 கிராம் ஆமில் 10 ஹேர்ட்ஸ் வரும், அருமை. 8 கிராம் ஆமில் 12ஐத் தொட்டுவிடும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று, உங்கள் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தருகிறது, டிஎல்-103 தருவது 0.3 மட்டும். உங்கள் போனோ (காட்ரிஜின் சிறு சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி) ரெட் போன்ற மூவிங் மெக்னெட் வகைக்கு மட்டுமானது என்றால், மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும் 1:10 ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்போமர் ஒன்று இடையில் வேண்டும். டிஎல்-103இன் ஊசி உடைந்தால் நீங்களே கழற்றி மாற்ற முடியாது, காட்ரிஜையே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வரும்.

ஆம் பாரமானது, ட்ரான்ஸ்போமரும் வரும் என்றால் எடுங்கள். இல்லாவிட்டால் மகனிடம் 2எம் புளூவின் ஊசியை மட்டும் கேளுங்கள். ரெட்டின் உடலில் அப்படியே செருகலாம், வித்தியாசம் முதல் தட்டிலேயே கேட்கும்.

கேள்வி (காத்தான்குடி): அண்ணன், மூத்தவாப்பாட 78 ரெக்கோட் கொஞ்சம் கிடக்கு. எல்பி ஊசியில போடலாமா? ஸ்பிரிட்டால துடைக்கலாமா?

பதில்: தம்பி, ஸ்பிரிட் போத்தலைத் தூர வையுங்கள்! நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தப் பழைய தட்டுகள் ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனவை, அல்கஹோலில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான துணியை நனைத்து, லேபிளில் படாமல் துடைத்து, உடனே காய விடுங்கள்.

எல்பி ஊசியும் வேண்டாம். எல்பிக்கு முனை 18 மைக்ரோன் அளவு, 78க்கு 75 மைக்ரோன் அளவு. சின்ன ஊசி தவாளிப்பின் (தட்டில் பாட்டுப் பதிந்த கோடு) அடியில் கிடந்து கரகரப்பைத்தான் பொறுக்கும். ஓடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசைக் காட்ரிஜ் ஏதாவது இருந்தால் 78க்கென்றே ஒரு ஊசி அதற்குக் கிடைக்கும். அம்பிளிஃபயரை மோனோவில் வையுங்கள், இரைச்சலில் ஒரு பங்கு அங்கேயே அடங்கும்.

கேள்வி (கல்முனை): தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ', 'ச' எல்லாம் சீறுது. ஊசி தேய்ஞ்சிட்டுதா அண்ணன்?

பதில்: தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் முதலில் அலைன்மென்ட், அதாவது காட்ரிஜ் நேராக நிற்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி. எல்பியின் வெளி ஓரத்தில் தவாளிப்பு செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுகிறது, உள்ளே வரும்போது அது 20 சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். அதே பாட்டு அரைவாசிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது, அங்கே சிறு கோணல் கூடச் சீறும். காட்ரிஜின் கோணத்தைச் சரிபார்க்கும் பேர்வால்ட் அட்டையை அச்சிட்டு, மையத்திலிருந்து 66, 121 மில்லிமீற்றர் புள்ளிகள் இரண்டிலும் காட்ரிஜை நேராக்குங்கள். அச்சில் அளவு சுருங்கவில்லையா என்று அடிமட்டத்தால் பாருங்கள்.

ஊசிப் பாரத்தைப் பயந்து குறைக்க வேண்டாம். குறைந்த பாரத்தில் ஊசி சுவரில் அடித்து அடித்துத் தட்டைத்தான் கெடுக்கும். நிறுவனம் சொன்ன அளவில் வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சீறினால், தவாளிப்பில் நன்றாகப் பொருந்தும் வடிவமுள்ள ஷிபாட்டா அல்லது மைக்ரோலைன் முனைக்குப் போங்கள். என்னைக் கேட்டால், காட்ரிஜின் பெயருக்குக் கொடுக்கும் காசை முனையின் வடிவத்துக்குக் கொடுப்பதே நியாயம்.

கேள்வி (ஏறாவூர்): கச்சான் காத்து தொடங்கினா ஊசியில பஞ்சுமாதிரி தூசு சேருது.

பதில்: காற்று வரண்டிருப்பதால் தட்டில் நிலைமின் ஏறித் தூசை இழுக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் காபன் பிரஷ் போடுங்கள். ஊசியைப் பின்னாலிருந்து முன்னுக்கு மட்டும் துடையுங்கள், பக்கவாட்டில் துடைத்தால் தண்டு வளையும். மாரியில் வேறு தொல்லை, தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வாவிக்கரை, கடற்கரை வீடுகளில் காட்ரிஜின் நாலு பின்களிலும் களிம்பு ஏறி ஒரு பக்கச் சத்தம் விட்டு விட்டு வரும். அம்பிளிஃபயரை நிறுத்திவிட்டு வயர்களை மெதுவாகக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி (அக்கரைப்பற்று): பழைய ஷுவர் காட்ரிஜுக்கு ஊசி எங்க எடுக்கிற?

பதில்: ஷுவர் 2018இல் காட்ரிஜ் செய்வதை நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ பல ஷுவர் மொடல்களுக்கு ஊசி செய்கிறது. காட்ரிஜின் மொடல் எண்ணைச் சரியாகப் பார்த்து ஓடர் பண்ணுங்கள். விலை மிகக் குறைவான பெயரில்லாத ஊசியை நல்ல தட்டில் வைக்காதீர்கள்.