142857 என்ற எண் உள்ள நோட்டுக்குப் பதிவுக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: அப்பத்தாவின் பெட்டகத்தில் கிடைத்த பத்து ரூபாய் நோட்டில் 142857 என்று எண் இருக்கிறது. "இது அதிசய எண், பகா எண், உலகத்திலேயே இந்த ஒரு நோட்டுதான். மூன்று லட்சத்துக்கு ஆள் இருக்கிறது, முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா ஐயா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். வாங்க வருகிறவர் எதற்கு உங்களிடம் பணம் கேட்க வேண்டும்? பதிவு என்பார், அப்புறம் வரி என்பார், ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம்கூட அனுப்புவார். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாரையும் அதற்கு அமர்த்தவும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி அறிவித்துவிட்டது. நம் ஊர்ப்பக்கம் பூட்டிக்கிடக்கும் வளவு வீடுகளில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டே வலை வீசுகிறார்கள்.

அவர் சொன்னதில் அதிசய எண் என்பது மட்டும் நிஜம். பகா எண் இல்லை. இலக்கங்களைக் கூட்டுங்கள், 27 வருகிறது. அதனால் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 11, 13, 37 ஆலும் வகுபடும். உலகத்தில் ஒன்றுதான் என்பதும் பொய். எண்ணுக்கு முன்னால் எழுத்தோடு ஒரு குறியீடு இருக்கும், பாருங்கள். குறியீடு மாறினால் இதே ஆறு இலக்கம் இன்னொரு நோட்டில் வரும்.

சரி, அதிசயம் என்ன? ஒரு தாளில் 1-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று வரிசையாக வரும். 1 திரும்பி வந்ததும் வகுத்தல் முதலிலிருந்து தொடங்கிவிடும். ஈவில் கிடைப்பது 142857, மறுபடி 142857. இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் 428571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள்தான், வரிசைகூடக் கலையாமல் சுற்றி வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 0.14 என்று எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். இரண்டு தசம இடம் போதும் என்று வினாத்தாளே சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்! இதைப் பார்க்காமலே பள்ளியை முடிக்கிறார்களே என்று எனக்கு ஆறவே இல்லை.

ஏழால் பெருக்கும்போது மட்டும் சுற்று நின்று 999999 வரும். தப்பாகப் பெருக்கிவிட்டோமோ என்று பயப்படாதீர்கள். எட்டால் பெருக்கினால் 1142856. முன்னால் நிற்கும் 1-ஐ எடுத்து மீதி ஆறு இலக்கத்தோடு கூட்டுங்கள், பழையபடி 142857. ஒன்பதுக்கும் இதே மாதிரி செய்தால் 285714. பதினாலில் 1999998, கூட்டினால் திரும்பவும் 999999. ஏழின் மடங்கு வரும்போதெல்லாம் இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. இதன் வர்க்கம் 20408122449. அதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டினால் 142857 கிடைக்கும். இப்படிப்பட்ட எண்களுக்கு, மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கணித ஆர்வலர் காப்ரேகரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நோட்டே தேவையில்லை, ஒரு தாளும் பேனாவும் போதும். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றே இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். "நீங்களாகத்தானே அனுப்பினீர்கள்" என்று யாராவது தட்டிக்கழித்தாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.