மூன்று வருஷத்து கேஸ்ட்ரிக்: கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: வயது 43. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மூன்று வருஷமாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. நெஞ்சுக்குழியில் எரிச்சல், ஓயாத ஏப்பம். தினமும் அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மாத்திரை போடுகிறேன். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. முட்டி வலிக்கு போன்ஸ்தானும் போடுவேன். எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமரா விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தே ஆகணும் என்கிறார் அண்ணி. பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் கேமரா விடுவதில்லை. வயதும் கூட வரும் அறிகுறிகளும்தான் கணக்கு. காரணமில்லாமல் எடை இறங்குவது, விழுங்கும்போது அடைப்பது, விடாத வாந்தி, ரத்தச்சோகை, தார் போலக் கருத்த மலம், கூடப்பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ இரைப்பைப் புற்று: இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதைச் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள்.)

வயதுக்கு, அமெரிக்க, கனடிய குடல்நோய் மருத்துவர்கள் 2017-இல் 60 வயதானால் கேமரா என்று கோடு போட்டார்கள். ஆசியாவில் பலர் அதற்கு முன்பே பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான்.

மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் முதலில் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை. இங்கே மலாய்க்காரரைவிட நம் இந்தியரிடமும் சீனரிடமும் அது அதிகம். ஆனால் இரைப்பைப் புற்று சீனரிடம்தான் கூடுதல். ஏன் என்று மருத்துவ உலகம் இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே ஓமெப்ரசோலை நிறுத்த வேண்டும், இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து.

கிருமி இல்லையென்றால் ஓமெப்ரசோலையே ஒழுங்காகப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் பலர் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) கிளம்பும்போது வெறும் தே ஓவோடு (பாலில்லாத் தேநீரோடு) மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து மணிக்குத்தான் நாசி லெமாக்கைப் பிரிக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டால்தான் அது முழுசாக வேலை செய்யும். இப்படி ஒன்றிரண்டு மாதம் போட்டும் அடங்கவில்லையென்றால் எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசலாம். அதற்கும் பயம் வேண்டாம்: தொண்டையை மரக்கச் செய்து, சில நிமிடத்தில் முடியும். உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை.

இன்னொன்று. குலை தூக்கும்போதோ மேடேறும்போதோ நெஞ்சில் அழுத்தி, நின்றால் விடுகிற வலி கேஸ்ட்ரிக் அல்ல. இருதயத்தைப் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் இன்னும் கவனம்.

எனக்கு முதல் சந்தேகம் அந்த போன்ஸ்தான் மேல்தான். இரைப்பையைப் புண்ணாக்கும் வகை அது. இன்றே நிறுத்துங்கள், முட்டிக்கு இப்போதைக்கு பாரசிட்டமால் போதும். கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், ஜாமு (மூலிகை மருந்து) இருந்தால் அதையும், பையில் போட்டு எடுத்துப் போங்கள்.