கொன்ட்ரோலர் விட்ட பிழையை எழுதிக் கொடுப்பதா, விடுவதா?

வளைகுடா நாடொன்றில் இருபத்திரண்டு வருடம், விமானங்களுக்கு வானலையில் வழிசொல்லும் கொன்ட்ரோலர் வேலை பார்த்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பியவன் நான். இந்தத் துறைக்குப் போயிருக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு பயிற்சி விமானி: சேர், எனக்குத் தரையிறங்க அனுமதி தந்த கொன்ட்ரோலர், அதே ரன்வேக்குள் இன்னொரு விமானத்தையும் விட்டுவிட்டார். நான் இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றிவந்து இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அவர் விட்ட பிழையை அறிக்கையாக எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

எழுதுங்கள் தம்பி. ஒன்றும் நடக்காதபோதுதான் எழுத வேண்டும். 1974 டிசம்பர் 1ஆம் திகதி வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். இறங்குவதற்குத் தந்த அனுமதியை கொன்ட்ரோலர் ஒருவிதமாகவும் விமானி வேறுவிதமாகவும் விளங்கிக்கொண்டதுதான் வினை. அதற்கு ஆறு கிழமைக்கு முன் வேறொரு கம்பனியின் விமானம் அதே குழப்பத்தில் அதே மலையை மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் கம்பனிக்குச் சொன்னார்கள், கம்பனியும் தன் ஆட்களை எச்சரித்தது. மற்றக் கம்பனிகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. 1976இல் நாசா நடத்தும் இரகசிய அறிக்கை முறை பிறந்தது இதற்குப் பிறகுதான்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு விமானி: பிழை விட்ட கொன்ட்ரோலருக்கும் பிள்ளை குட்டி இருக்கே. வேலை போனால் அந்தப் பாவம் யாருக்கு?

இந்தக் கேள்வி எனக்கும் வலித்த கேள்வி. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அன்று அந்த வான்பரப்பைப் பார்த்தவர் ஒரேயொரு கொன்ட்ரோலர். கூட இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பராமரிப்பு வேலையால் தொலைபேசியும் எச்சரிக்கைக் கருவியும் சரியாக இயங்கவில்லை. அவரை மட்டும் விலக்கிவிட்டு அதே கதிரையில் இன்னொருவரை இருத்தினால் என்ன மாறியிருக்கும்? விசாரணையின் நோக்கம் பழி போடுவதல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின் 13ஆம் இணைப்பு தெளிவாகவே சொல்கிறது. தவறுதலாக நடந்த பிழை வேறு, குடித்துவிட்டு வருவதும் தெரிந்தே விதியை மீறுவதும் வேறு. பின்னதற்கு நான் பரிந்து பேசமாட்டேன். சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நிறுவனத்தின் கைநூலை முதலில் வாசியுங்கள்.

ஏறாவூரிலிருந்து: கொன்ட்ரோலர் எரிச்சலாகப் பேசினால், காக்க வைத்தால்?

அதற்கு அறிக்கை வேண்டாம். இறங்கியபின் ஒரு போன் போதும். வானலையில் மட்டும் வாக்குவாதம் வேண்டாம், அந்த நேரத்தில் இன்னொருவர் அவசரத்துக்குக் கூப்பிட முடியாமல் போகும்.

செங்கலடியிலிருந்து: எப்படி எழுதுவது?

அன்றைக்கே எழுதுங்கள். நேரம், அலைவரிசை, உயரம், காதில் விழுந்த சொல், நீங்கள் செய்தது. ‘கவனக்குறைவு’ போன்ற தீர்ப்புச் சொற்கள் வேண்டாம். வானலைப் பேச்சின் ஒலிப்பதிவை 30 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பதே சர்வதேச விதி. நாள் கடத்தினால் அது அழிந்துவிடலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து, கொன்ட்ரோலராகப் பயிலும் ஒரு பெண்: என் சீனியர் விட்ட பிழையை நான் கண்டேன். “விடு பிள்ளை, சின்ன விசயம்” என்கிறார். மறுகா அவரிடம்தானே நான் வேலை பழக வேண்டும்?

மகள், நான் அந்த சீனியராக இருந்தவன். ஒரு விமானத்தை ஏறச் சொன்னேன். வானலையில் கூப்பிடும் இலக்கம் கிட்டத்தட்ட அதேபோல் இருந்த இன்னொரு விமானம் பதில் சொல்லிவிட்டு ஏறத் தொடங்கியது. எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த இளம் பெண்தான் கண்டு சொன்னார், திருத்தினேன். வேலை முடிந்ததும் தேநீர் அறைக்கு வந்து, “நான் எழுதப் போகிறேன், நீங்களும் எழுதுங்கள்” என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரவெல்லாம் தூக்கமில்லை. விடியத்தான், அவர் என் முதுகுக்குப் பின்னால் போகவில்லை என்பது உறைத்தது. அப்புறம் நானும் எழுதினேன்.

இரண்டு அறிக்கையையும் சேர்த்து வாசித்தவர்கள், அந்த இரண்டு விமானங்களும் தினமும் ஒரே நேரத்தில் வருவதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு மீள்பயிற்சி ஒன்று தந்தார்கள், வேலை போகவில்லை. கம்பனி ஒரு விமானத்தின் இலக்கத்தை மாற்றியது.

உங்கள் சீனியரிடமும் அப்படியே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவருக்கு முதலில் எழுத இடம் கொடுங்கள். ஆனால் அவர் எழுதாவிட்டாலும் இன்றைக்கே நீங்கள் எழுதிவிடுங்கள்.